இது பால் அல்ல

அத்தியாயம் 11

ஃபீஃபியைக் கைக்குழந்தையோடு தனியே விட்டுவிட்டுப் போனதற்காக எசியைத் திட்டி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அவளைத் திட்டி என்ன பயன்? அவளுடைய அப்பா செத்துப்போனார். கேப் கோஸ்ட்டில் சனிக்கிழமை அடக்கம். பிணம் கிடத்தும் வீட்டுக்கு ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாதென்று அவளுடைய பெரியம்மாக்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எசி குழந்தைப் பால்மாவு டின்னை மேஜைமேல் வைத்தாள். எவ்வளவு வெந்நீருக்கு எத்தனை கரண்டி என்று புருஷன் ஃபீஃபியைப் பாடம்போல ஒப்பிக்க வைத்தாள். குழந்தை கொபினாவின் தலையை முகர்ந்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அடக்கத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை டின் தீர்ந்தது. அன்றைக்கு அவர்கள் இருக்கும் துறைமுக ஊரான டெமாவில் பாதிக் கடை திறப்பதில்லை, மீதிக் கடைக்காரர்கள் சர்ச்சில் இருப்பார்கள். ஃபீஃபி அதே வீட்டில் இருக்கும் தன் அக்கா அராபாவுக்குப் போன் போட்டான். அராபா அப்போது துறைமுக யார்டில், வெயிலில், தன் கன்டெய்னருக்குப் பக்கத்தில் நின்று யாரோ ஒரு காவலாளியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“பாலுக்கா போன் பண்றே? நம்ம வீட்ல என்னைக்குடா பாலுக்குப் பஞ்சம்? அலமாரில பை இருக்கு பாரு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் குற்றம் இருக்கிறது.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. அப்பா காலத்திலிருந்தே அது சுங்கத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் வீடு. இறக்குமதியாகும் எந்தச் சரக்கிலும் கஸ்டம்ஸ்காரர்கள் சாம்பிள் எடுப்பார்கள். ஒரு பை ஆய்வகத்துக்கு, ஒரு பை அவர்களுடைய அறைக்கு, ஒரு பை ஏஜென்ட் கைக்கு. ஏஜென்ட் கைக்கு வந்த பை சமையலறைக்கு வந்துவிடும். அரிசி, சர்க்கரை, தக்காளி விழுது, பால்மாவு எல்லாமே சிவப்பு டேக் தொங்கும் பையில்தான் அந்த வீட்டுக்குள் வரும். அராபாவும் ஃபீஃபியும் சாம்பிள் தின்றே வளர்ந்த பிள்ளைகள். காசு கொடுத்துப் பால்மாவு வாங்கினால் அவர்களுடைய அப்பா சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்த பை, அராபாவின் சொந்தக் கன்டெய்னரிலிருந்து எடுத்த சாம்பிள். ரொட்டி போடும் பெண் ஒருத்தியிடம் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று அவளே கொண்டுவந்து வைத்தது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கலக்கச் சொன்னவளே அவள்தான்.

* * *

புதன்கிழமை காலை. அராபா நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, காதில் கம்மல் மாட்டியபடி கூடத்துக்கு வந்தாள். ஃபீஃபி பனியனோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“தூங்கவே இல்லையாடா?”

“இவன் விட்டாத்தானே. விடிய விடிய பார்லிமென்ட் நடத்தினான். நான் ஒருத்தன்தான் எதிர்க்கட்சி.”

அராபா சிரித்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். கொதித்தது. உதடு உலர்ந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

“என்னடா இப்படிக் காஞ்சு கெடக்கு?”

“குடிச்சுக்கிட்டேதான் இருக்கான் அக்கா. பாட்டிலைக் கண்டாப் பாயறான். குடிச்சு முடிச்ச கையோட மறுபடி அழறான். உன் புள்ள ஒரு மாட்டையே காலி பண்ணிட்டான்னு எசிகிட்டச் சொல்லப்போறேன்.”

“பல்லு மொளைக்குதோ என்னமோ.”

“இவ்வளவு சீக்கிரமாவா?”

“உனக்கு சீக்கிரமே மொளைச்சுது. அம்மா சொல்லுவாங்க.” அவள் சாவியைத் தேடிக்கொண்டே பேசினாள். மேஜைமேல் பாதி குடித்த பாட்டில் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாவியை எடுத்தாள். “நல்லாப் பால் குடு. சாயங்காலம் நான் வந்து பாத்துக்கறேன், நீ தூங்கு.”

“கஸ்டம்ஸ்ல இன்னைக்கு ஜெயிச்சுடுவியா?”

“ஜெயிக்காம வந்தா என்னை உள்ள விடாதே.”

அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் விழுங்கிப் பார்த்திருந்தால் போதும். எடுத்தாள், தள்ளித்தான் வைத்தாள். இதை எழுதும்போது எனக்கே அவளை உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

* * *

சுங்க அலுவலகத்தின் லாங் ரூமில் அதிகாரி மேடம் குவாவுவின் அறை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். உள்ளே அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேர்க்கடலை கொறிப்பார். எந்தச் சரக்கை எந்த வகுப்பில் போட்டு எவ்வளவு வரி விதிப்பது என்று அவர் பேனா சொன்னால் சொன்னதுதான். அன்று அவருடைய மேஜைமேல் ஒரு தட்டில் அராபாவின் வெள்ளை மாவு. பக்கத்தில் கெட்டில், ஒரு கண்ணாடி டம்ளர், கரண்டி.

“உக்காரு அராபா. உங்கப்பா இதே நாற்காலில உக்காந்துதான் எங்கிட்டப் பொய் சொல்லுவாரு.”

“நான் உண்மை சொல்ல வந்திருக்கேன் மேடம்.”

“அவரும் அப்படித்தான் ஆரம்பிப்பாரு.” மேடம் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “இது என்ன?”

“பேக்கரிக் கலவை மேடம்.”

“வெள்ளையா இருக்கு. பால் வாசனை அடிக்குது. பாதிக்கு மேல பால்னு லேப்ல சொல்றாங்க. எங்க ஊர்ல இதுக்குப் பேரு பால்மாவு. பால்மாவுக்கு என்ன வரின்னு உனக்குத் தெரியும்.”

தெரியாமலா. அந்த வரியைக் கட்டுவதைவிடக் கன்டெய்னரை யார்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது மேல். போன வருஷம் ஒரு வாடிக்கையாளரின் சரக்கு இதே மேஜையில்தான் பால் என்று முடிவாகி, அந்த மனிதர் கடையை மூடினார். அதைப் பார்த்த பிறகுதான் அராபாவுக்கு அந்த யோசனை வந்தது. சொந்தமாக இறக்குமதி செய்யலாம், ஆனால் பாலைப் பாலாக இறக்கக் கூடாது. வெளிநாட்டு ஆலைக்காரனுக்கு எழுதினாள்: பால் கொழுப்புக்குப் பதில் பனை எண்ணெய்க் கொழுப்பு போடு, சர்க்கரை போடு, தாராளமாக உப்பும் போடு. ரொட்டிக்கு எப்படியும் உப்புப் போடத்தானே வேண்டும்? மாவு பிசையும்போது போடுவதற்குப் பதில் பையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ரொட்டிக்காரிக்கு ஒரு வேலை மிச்சம், குடிக்க முடியாத பொருளாகிவிட்டதால் பால் வரியும் மிச்சம். கெட்டிக்காரத்தனம்தான், நான் மறுக்கவில்லை.

“கொழுப்பு பால் கொழுப்பு இல்ல மேடம். முக்கியமா, உப்பு இருக்கு. லேப் அதையும் சொல்லியிருக்குமே.”

“சொல்லிச்சு. எதுக்கு இவ்வளவு உப்பு?”

“ரொட்டிக்கு.”

“எனக்கு ரொட்டி சுடச் சொல்லித் தராதே. வரியைக் கொறைக்கப் போட்டிருக்கே.”

“எதுக்குப் போட்டேன்னு சட்டம் கேக்கல மேடம். இருக்கா இல்லையான்னுதான் கேக்குது.”

மேடம் கடலையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தார். “அப்பனுக்குப் பொண்ணுதான்.”

அராபாவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

மேடம் டம்ளரில் மாவைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கினார். கட்டி தட்டாமல், நுரையோடு, பார்க்க நல்ல பாலாகவே கரைந்தது.

“பாரு. நாளைக்கு மார்க்கெட்ல ஒருத்தி இதைச் சின்னச் சின்னப் பையாக் கட்டிப் பால்னு விப்பா. வாங்கிட்டுப் போறவ புள்ளைக்குக் கரைச்சுக் குடுப்பா. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்கறது?”

“அப்படி நடக்காது மேடம்.”

“ஏன் நடக்காது?”

“இதைக் குடிக்க முடியாது. குடிச்சுப் பாருங்க.”

“நான் எதுக்குக் குடிக்கறேன்? சரக்கு உன்னோடது. நீ குடி.”

அராபா டம்ளரை எடுத்தாள். முதலில் இனிப்புத்தான் தெரிந்தது. ஆலைக்காரன் சர்க்கரையைக் கைதாராளமாகப் போட்டிருந்தான். விழுங்கிய பிறகு தொண்டையில் உப்பு ஏறியது. பாதியில் வைத்தால் மேடம் ஏதாவது சொல்வார் என்று முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“குடிக்கற பொருளே இல்ல மேடம் இது. பச்சப்புள்ளகூடத் துப்பிடும்.”

“பச்சப்புள்ள துப்பாது” என்றார் மேடம். “பசிச்சா எதையும் குடிக்கும். அதுக்கு என்ன தெரியும், நாம குடுக்கறதுதான் பால்னு நெனச்சுக்கும். நான் பெத்து வளத்தவ.”

போன் மறுபடி அதிர்ந்தது. தரையில் பை லேசாக நடுங்கியது. அராபா செருப்புக் காலால் அதை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

கடைசியில் மேடம் வழிக்கு வந்தார். ஆனால் சும்மா வரவில்லை. இதைப் பாலென்று யாருக்கும் விற்க மாட்டேன், யாருக்கும் குடிக்கக் கொடுக்க மாட்டேன் என்று அராபாவின் கையெழுத்தில் எழுதி வாங்கினார். அதற்கு மேலே தன் கையால், ‘பால் அல்ல, பேக்கரிக் கலவை, உப்பு மிகுதியால் குடிக்கத் தகாதது’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

“சந்தோஷமா?”

“ரொம்ப மேடம்.”

“உங்கப்பா இருந்திருந்தா எனக்கு ஒரு கோழி அனுப்பியிருப்பாரு. நீ அதெல்லாம் அனுப்பாதே, காலம் மாறிப்போச்சு. போ.”

* * *

படிக்கட்டில் இறங்கும்போது அராபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழே ஏஜென்ட்கள் நிற்கும் மாமர நிழலில் டுவும் என்ற சக ஏஜென்ட் அவளைப் பிடித்துக்கொண்டான். எல்லாருடைய சமாசாரமும் அவனுக்கு முதலில் தெரிந்துவிடும்.

“குவாவு கிழவியையே சாய்ச்சுட்டியாமே. சாப்பிடக் கென்கேயும் மீனும் வாங்கித் தராம இந்த கேட்டைத் தாண்ட முடியாது, சொல்லிட்டேன்.”

“மொதல்ல தண்ணி வாங்கித் தா. தொண்டை எரியுது.”

தண்ணீர்ப் பை விற்கும் பெண்ணைக் கூப்பிட்டான். அராபா பையின் முனையைப் பல்லால் கடித்து, ஒரே மூச்சில் உறிஞ்சினாள். அடங்கவில்லை. இன்னும் இரண்டு வாங்கினாள். ஒன்றை உறிஞ்சிவிட்டு, மற்றதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“பாலைவனத்துலேருந்தா வர்றே?” என்றான் டுவும்.

“ஒரே ஒரு டம்ளர் குடிச்சேன். அதுக்குப் போய் இப்படித் தாகம்…” என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

காலையில் தொட்ட உதடு நினைவுக்கு வந்தது. உரிந்திருந்த தோல். பாட்டிலைக் கண்டாப் பாயறான். குடிச்சு முடிச்ச கையோட மறுபடி அழறான்.

அவள் டுவுமின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. சமையலறை அலமாரி தெரிந்தது, டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அவள் கையால் வைத்த பை தெரிந்தது, துறைமுக வெயிலில் தான் போனில் அதட்டியதும் கேட்டது. நம்ம வீட்ல என்னைக்குடா பாலுக்குப் பஞ்சம்?

கைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். திரை நிறைய ஃபீஃபியின் பெயர்.

“அக்கா, எங்க போயிட்டே? எத்தனை தடவை கூப்பிடறது?” அவன் குரல் உடைந்திருந்தது. “கொபினாவுக்குக் கை கால் இழுத்துக்கிச்சு. கண்ணு மேல சொருகிருச்சு. டாக்ஸி புடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கேன். உள்ள கொண்டு போயிட்டாங்க, என்னை விட மாட்டேங்கறாங்க.”

“எந்தப் பால்டா குடுத்தே?”

“என்னது?”

“புள்ளைக்கு. எந்தப் பால் குடுத்தே?”

“இது என்ன கேள்வி? நீ சொன்ன பால்தான். அலமாரில இருந்தது. செவப்பு டேக் போட்டது.”

அராபா அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தாள். நீல உடுப்பில் புழுதி ஒட்டியது. டுவும் என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

“இனிமே ஒரு சொட்டு குடுக்காதே. நான் வந்துட்டே இருக்கேன்” என்று எழுந்து ஓடினாள்.

* * *

குழந்தைகள் வார்டுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஃபீஃபி இன்னும் அதே பனியனோடு, காலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். எதிரில் டாக்டர் ஆலிமா. வடக்கிலிருந்து வந்தவர், மெலிந்த உருவம், சத்தம் போடாமல் பேசுகிறவர். அவர் அப்படி மெல்லப் பேசியதே பயமாக இருந்தது.

“ரத்தத்துல உப்பு ஏகத்துக்கு ஏறியிருக்கு. தானா ஏறாது. யாராவது குடுத்தாத்தான் ஏறும். வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“பகல்ல நான் மட்டும்தான் டாக்டர். புள்ளையோட அம்மா ஊர்ல இல்ல.”

“புள்ள ராத்திரி பகலா அழுதிருக்கு. நீங்க தனியா இருந்திருக்கீங்க. தூக்கமில்ல. கோவத்துல ஏதாவது…”

“டாக்டர், என் புள்ள டாக்டர் அவன்.” ஃபீஃபி அழ ஆரம்பித்தான். “பாலைத் தவிர நான் ஒண்ணுமே குடுக்கல. வாசனை பாத்தேன், நாக்குல வெச்சுப் பாத்தேன், இனிப்பாத்தான் இருந்துச்சு. எங்கக்காவைக் கேளுங்க. எங்க வீட்ல பால்தான் குடிப்போம், அவங்க பால் எறக்கறவங்க.”

“பால்ல இவ்வளவு உப்பு இருக்காது.”

“இருக்கு டாக்டர்” என்றாள் அராபா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசலில் மூச்சு வாங்க நின்றாள். “அது பால் இல்ல. பேக்கரிக்காக வந்த கலவை. அதுல உப்பு கலந்திருக்கு.” எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு என்று சொன்னாள். காலையில் மேடமிடம் சொன்ன அதே கணக்கு, அதே வரிசை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

“எப்பலேருந்து குடிக்குது?”

“ஞாயித்துக்கிழமையிலேருந்து.”

டாக்டர் சற்று யோசித்தார். “அப்போ மெதுவா ஏறியிருக்கு. மெதுவாத்தான் எறக்கணும். நல்லவேளை சொன்னீங்க. காஞ்சு கெடக்குதேன்னு வேகமா தண்ணி ஏத்தியிருந்தா மூளை வீங்கியிருக்கும்.”

“பொழைச்சுக்குவானா?”

“இப்பச் சொல்ல முடியாது. நாளைக்குச் சொல்ல முடியுமான்னும் தெரியல. பொழைச்சாலும், இழுப்பு வந்திருக்கு, மூளைக்கு என்ன ஆயிருக்குன்னு பொறுத்துத்தான் பாக்கணும்.” பேனாவை எடுத்தார். “இதைப் புள்ளைக்குக் குடுக்கச் சொன்னது யாரு?”

வார்டுக்குள் ஏதோ ஒரு குழந்தை அழுதது. கொபினாவின் குரல் இல்லை. கொபினாவால் அழ முடியவில்லை.

அராபாவின் மனசில் அந்த நேரத்தில் என்னவெல்லாம் ஓடியது என்று மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஓடியது. எசி ஓடினாள். யாருக்கும் குடிக்கக் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த காகிதமும் ஓடியது. அந்தக் காகிதத்தில் அவள் போட்ட மை இன்னும் சரியாகக் காயவில்லை.

“வீட்ல சாம்பிளா வெச்சிருந்தது டாக்டர்” என்றாள். “அவன் தெரியாம எடுத்துட்டான்.”

ஃபீஃபி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

“கலவையில என்ன இருக்குன்னு எழுத்துல ஏதாவது இருக்கா?”

அராபா பையைத் திறந்து, முத்திரை குத்திய காகிதத்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் முழுவதையும் படித்தார். ‘குடிக்கத் தகாதது’ என்ற இடத்தில் அவர் கண் நின்றது. பிறகு மடித்துக் கேஸ் ஷீட்டுக்குள் செருகிக்கொண்டார்.

“டாக்டர், அது…” அராபாவின் வாய் தானாகத் திறந்தது. “ஒரிஜினல் எனக்கு வேணும். ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுத் தர முடியுமா?”

டாக்டர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அராபாவுக்கு முகம் எரிந்தது. தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

* * *

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

“நான் தெரியாம எடுத்துட்டேனா?” என்றான் ஃபீஃபி.

“இப்ப அது வேணாம்டா.”

“ஞாயித்துக்கிழமை போன்ல பேசினது யாரு?”

“நான்தான்.”

“உப்புப் போடச் சொன்னது?”

“நான்தான். நான் வேணும்னா சொன்னேன்? எம் மனசு அங்கயே இல்லடா. நம்ம வீட்ல வெள்ளையா எது வந்தாலும் பால்னுதானே சொல்லுவோம். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.”

“காலைல அவன் உதட்டைத் தொட்டுப் பாத்தே. நல்லாப் பால் குடுன்னே.” அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். “நீ போனப்புறம் ஒரு பாட்டில் நெறையக் கலக்கிக் குடுத்தேன் அக்கா. வேணாம்னு தலையைத் திருப்பினான். நான்தான் வாயைப் புடிச்சு ஊட்டினேன். அக்கா சொல்லியிருக்காளேன்னு.”

அராபா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகை வரவில்லை. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃபீஃபியின் போன் அடித்தது. திரையில் எசி. அவன் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. போனை அக்காவிடம் நீட்டினான்.

“நீயே பேசு. காலையெல்லாம் கஸ்டம்ஸ்ல இது என்னன்னுதானே பேசினே.”

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மேளச் சத்தமும் பெண்களின் ஒப்பாரியும் கேட்டன. சத்தத்திலிருந்து விலகி எசி எங்கோ ஓடுவது தெரிந்தது.

“அக்கா? நீங்க ஏன் எடுக்கறீங்க? அவரு எங்க? பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரின்னாங்க. கொபினாவுக்கு என்ன?”

“கொஞ்சம் காய்ச்சல், எசி. டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க.”

“டின் தீந்திருக்குமே. எனக்கு ஞாயித்துக்கிழமையிலேருந்து அதே நெனப்பு. அவரு கண்ட கண்ட கஞ்சியைக் கரைச்சுக் குடுத்துட்டாரா? நான் பையை எடுத்துட்டேன் அக்கா, இப்பவே பஸ் ஏறப் போறேன். பெரியம்மாங்க திட்டட்டும். அவனுக்கு என்ன குடுத்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க.”

அதே கேள்வியைத்தான் காலையில் மேடம் குவாவு தட்டை நகர்த்திக் கேட்டார். அப்போது அராபா மளமளவென்று பதில் சொன்னாள். இது பால் இல்லை என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னாள்.

“பால்தான் எசி” என்றாள். “பால்தான் குடுத்தோம்.”

அந்தப் பக்கம் எசி பெருமூச்சு விட்டது கேட்டது.

“அப்பாடா. உயிரே போயிடுச்சு அக்கா எனக்கு. பால்தானே, அப்போ ஒண்ணும் இருக்காது, சளிக் காய்ச்சலா இருக்கும். நீங்க கூட இருக்கறப்ப நான் ஏன் பதறணும்? சனிக்கிழமை அப்பாவை மண்ணுல வெச்சுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எம் புள்ளையைப் பாத்துக்கங்க.”

போன் அணைந்தது.

அராபா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் மாமரத்தடியில் வாங்கிய இன்னொரு தண்ணீர்ப் பை கிடந்தது. ஒரே ஒரு டம்ளர் குடித்தவளுக்கே தாகம் இன்னும் அடங்கவில்லை.

ஃபீஃபி எழுந்தான். அக்காவின் மடியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஜன்னல் பக்கம் நடந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, எசியின் பெயரை அழுத்தினான். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. கேப் கோஸ்ட்டில் மேளச் சத்தம் பெரிது.